நேர்மைத் தராசும் ஒரு கிலோ பேரீச்சையும்

மூவாயிரத்து அறுநூற்று நாற்பது. ஏட்டய்யா முதலாளிக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. மேல்வரிசைப் பல்செட்டுக்காக வாங்கிய முன்பணம். வாங்கும்போது காதும் காதும் வைத்த மாதிரிதான் வாங்கினார். ஆனால் முதலாளி அதைக் கிடங்கு வாசலில் தொங்கும் கரும்பலகையின் கீழ்மூலையில், 'பல் – 3640' என்று சாக்பீஸால் எழுதிவைத்துவிட்டார். "உன்னை அசிங்கப்படுத்த இல்லய்யா, எனக்கு மறதி ஜாஸ்தி" என்று ஒரு சமாதானம் வேறு. அன்றிலிருந்து மூட்டை தூக்க வருகிறவர்கள் ஏட்டய்யாவுக்கு வணக்கம் வைக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கிறார்கள்.

ஏட்டய்யா இப்போது ஏட்டு இல்லை. காவல்துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டி, ஓய்வு பெற்று, இந்த உலர்பழக் கிடங்கில் வாசல் காவலுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. சர்வீஸில் அவர் தனியாகத் துப்புத் துலக்கியது மூன்றே வழக்கு. இரண்டு, காணாமல்போன ஆடு. மூன்றாவது, காணாமல்போன ஆட்டுக்காரன். மூன்றையும் கண்டுபிடித்தார் என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

அன்று காலை 5.45. வீட்டில், பல் இல்லாத வாயோடு தராசில் ஏறி நின்றார். சம்சாரம் வேலை பார்க்கும் கிளினிக்கில் கழித்துப்போட்ட தராசு அது. அங்கே என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று ஆலோசனை சொல்லும் டாக்டரம்மாவின் அறைக்கதவைத் திறந்து மூடுவது சம்சாரத்தின் வேலை. பதினைந்து வருஷமாகத் திறந்து மூடியதில் பாதி ஆலோசனை காதில் விழுந்து தங்கிவிட்டது. மீதிப் பாதியை அவரே சேர்த்துக்கொள்வார்.

"ராத்திரி எழுபத்தெட்டரை இருந்தேன். இப்ப எழுபத்தெட்டு. அரைக்கிலோ இளைச்சிட்டேன், தெரியுமா" என்றார் ஏட்டய்யா.

"குறட்டை விட்டதுக்கெல்லாம் இளைக்க மாட்டாங்க. மூச்சா விட்டிருப்பீங்க, வேர்வையா விட்டிருப்பீங்க. அதான் குறைஞ்சிருக்கு."

"மூச்சுக்கு ஏதுடி எடை?"

"கண்ணாடில ஊதிப் பாருங்க. ஈரம் படியுதுல்ல, அது உங்க உடம்புத் தண்ணி. தின்னது உள்ள எரிஞ்சு அதுவும் காத்தா போகுது. உடம்பு சும்மா கிடந்தாலும் அடுப்பு அணையறதில்ல."

"அப்ப நான் இளைக்கலையா?"

"இந்தச் சொம்புத் தண்ணியைக் குடிச்சிட்டு மறுபடி ஏறி நில்லுங்க."

குடித்தார். ஏறினார். எழுபத்தெட்டரை. ஏட்டய்யா பல்லை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கிடங்கில் 6.50க்கு இன்னொரு தராசு காத்திருந்தது. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. அதன்மேல்தான் ஆட்களையும் நிறுத்துவார்கள். எப்போதோ ஒருவன் காலுறைக்குள் முந்திரிப் பருப்பை அடைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே போனானாம். அவன் காலுக்கு மருந்து வாங்க முதலாளியே காசு கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த எரிச்சலில் பிறந்தது இந்தச் சட்டம். உள்ளே வரும்போது ஓர் எடை, வெளியே போகும்போது ஓர் எடை. போகிற எடை கூடியிருந்தால் சோதனை. கூடாவிட்டால் யோக்கியன், போகலாம். முதலாளி அதற்கு 'நேர்மைத் தராசு' என்று பெயரும் வைத்து, பெயின்ட்டில் எழுதியும் விட்டார்.

எடையைப் படிப்பது ஏட்டய்யா. பலகையில் எழுதுவது மேற்பார்வை செய்யும் மச்சான் சார். முதலாளி சம்சாரத்தின் கூடப்பிறந்த தம்பி அவர். முதலாளிக்கு மச்சான் என்பதால் ஊருக்கே மச்சான் சார். சாக்பீஸை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் எண்ணை மாற்றிவிடுவார்களாம்.

அன்று எடை மேடை ஏறியவர்கள் மூன்றே பேர். முதலில் ஊசி. பேருக்கேற்ற உடம்பு, பேருக்கு ஒவ்வாத பசி. ஐம்பத்திரண்டு புள்ளி நாலு. அடுத்தது பயில்வான். கண்ணாடி எங்கே இருந்தாலும் அதில் கையை மடக்கிப் பார்க்கிறவன். எண்பத்து நாலு. வழக்கமாக வரும் மூன்றாவது ஆள் மாமியாருக்குச் சுகமில்லை என்று வராமல் போனதால், அவன் இடத்தில் தூக்க மச்சான் சாரே சட்டையை மடக்கிக்கொண்டு ஏறினார். தொண்ணூற்றாறு புள்ளி மூன்று.

"ஒரு மாசமா வெள்ளரிக்காய்" என்றார் மச்சான் சார், எண்ணைப் பார்த்துக்கொண்டே. "காலைல வெள்ளரிக்காய், மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி அவிச்ச காய். ஈரல்ல கொழுப்பு கட்டியிருக்குன்னு டாக்டர் சொன்னதிலேர்ந்து எங்க அக்கா என்னை முயல் மாதிரி வளர்க்குது. அப்பவும் முள்ளு நகரலையே ஏட்டய்யா."

"வேலை செஞ்சா நகரும் சார்" என்றான் ஊசி.

"நீ பேசாதடா. நீ தின்னுற தீனிக்கு இந்நேரம் நீ வாசல்ல நுழையவே கூடாது."

ஏழு மணிக்கு லாரி வந்தது. இருநூற்று நாற்பது மூட்டை. ஏழேகாலுக்குத் தண்ணீர் மோட்டார் புகைந்து, இருமி, அடங்கியது. தொட்டியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. வெளியூர் போயிருந்த முதலாளியிடம் போனில் கேட்டதற்கு, "ஆளுக்கு ஒரு அரை லிட்டர் பாட்டில் கொடு. கக்கூஸைப் பூட்டிடு, தண்ணியில்லாம நாற அடிச்சிடுவானுங்க" என்று உத்தரவு வந்தது. பூட்டிச் சாவியை ஏட்டய்யாவே வைத்துக்கொண்டார். மூன்று பாட்டிலும் எட்டரைக்குள் காலி.

தகரக் கூரைக்கு அடியில் மூட்டை தூக்கியவனுக்குத்தான் அந்த வெக்கை தெரியும். வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கும். துடைக்கக் கை இருக்காது, கை மூட்டையில் இருக்கும். மூன்று பேருமே சளைக்காமல் தூக்கினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், மச்சான் சார் அன்று மற்ற இருவருக்கும் ஒரு மூட்டைகூடக் குறைவாகத் தூக்கவில்லை.

இடையில் மூன்று பேரும் ஆளுக்கொரு தரம் ஆபீஸ் அறைக்குள் போய் வந்தார்கள். பயில்வான் போனைச் சார்ஜில் போட. ஊசி லாரிச் சீட்டை வைக்க. மச்சான் சார் மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிஷம் உட்கார. வாசலில் இருந்தபடியே ஏட்டய்யா பார்த்தார். வேறு ஈ காக்கை உள்ளே போகவில்லை.

பிற்பகல் 1.00. வெளி எடை. ஈரச் சட்டை எடையைக் கூட்டிக் காட்டினால் முதலாளி சந்தேகப்படுவார் என்று வழக்கம்போலச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து, உதறி, மறுபடி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். மச்சான் சார் பிழிந்ததில் தரையில் ஒரு சின்னக் குளமே தேங்கியது.

ஊசி, ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. பயில்வான், எண்பத்திரண்டு புள்ளி ஆறு. மச்சான் சார், தொண்ணூற்றாறு புள்ளி ஒன்று.

"பார்த்தீங்களா" என்றார் மச்சான் சார், பலகையில் எழுதியபடி. "ஆறு மணி நேரம் மாடு மாதிரி தூக்கியிருக்கேன். இருநூறு கிராம். வெறும் இருநூறு. எல்லாம் உடம்பு வாகு ஏட்டய்யா. சிலருக்குக் காத்தைக் குடிச்சாலே ஊதும்."

ஏட்டய்யாவுக்குக் காலையில் சொம்புத் தண்ணீரில் போன தன்னுடைய அரைக்கிலோ ஞாபகம் வந்தது. மனிதர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

1.10க்கு முதலாளி வந்து இறங்கினார். நேரே ஆபீஸுக்குள் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அலமாரியில இருந்த சாம்பிள் பெட்டி எங்கடா?"

விதை நீக்கிய பேரீச்சை. முழுசாக ஒரு கிலோ. வந்திருக்கிற சரக்கிலேயே ஒசத்தி ரகம், அந்த ரகத்தில் மாதிரிக்கு வந்த ஒரே பெட்டி. நாலு மணிக்கு வரும் மொத்த வியாபாரி அதைச் சுவைத்துப் பார்த்துவிட்டுத்தான் முப்பது மூட்டைக்குச் சரி சொல்வார்.

வாசலைச் சாத்தினார்கள். ஐந்தே நிமிஷத்தில் பெட்டி கிடைத்தது. மூட்டை அடுக்குக்குப் பின்னால், ஊசி வழக்கமாகச் சாய்ந்து உட்காரும் இடத்தில், துடைத்து வைத்த மாதிரிக் காலியாகக் கிடந்தது. பழத்தை மட்டும் காணோம். கிடங்கு முழுக்கத் தேடியும், ஆட்களின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தும் இல்லை.

"வெளிய போகல. உள்ளயும் இல்ல" என்றார் முதலாளி. "அப்ப எவனோ தின்னிருக்கான். யாருன்னு கேக்கவே வேணாம்."

எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள். ஊசி தன் பெருவிரலைப் பார்த்தான்.

முதலாளி ஏட்டய்யாவைத் தனியாக ஓரங்கட்டினார். "நீ போலீஸ்ல இருந்தவன். அவன்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, அவனை இன்னிக்கே அனுப்பிடறேன். உன் பல்லுக் கணக்கையும் அழிச்சிடறேன். வியாபாரி வர்றதுக்குள்ள திருடன் கிடைக்கலைன்னு வை, காவல் காத்த லட்சணத்துக்கு நீதான் போகணும். பல்செட்டைக் கழட்டி மேசைல வச்சிட்டுப் போ."

"முதலாளி, பல்லு என் அளவுக்குச் செஞ்சது."

"அது என் கவலை."

ஏட்டய்யா நாக்கால் மேல்வரிசையைத் தடவிப் பார்த்தார். ஒரு வார்த்தைதான். மூவாயிரத்து அறுநூற்று நாற்பது போய்விடும். ஆனால் ஊசி வீட்டில் ஐந்து வாய். ஐந்திலும் அவனவன் சொந்தப் பல். அவற்றுக்கு வேலை கொடுக்க இவன் ஒருத்தன் சம்பளம்.

"நாலு மணி வரைக்கும் டைம் கொடுங்க. யாரு திருடன்னாலும் பிடிச்சுத் தர்றேன், பல்லுக் கணக்கை அழிச்சிடணும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்; முதலாளியும் தலையாட்டினார்.

1.40. விசாரணை எடைமேடைக்குப் பக்கத்திலேயே நடந்தது.

"பயில்வான், அலமாரியைத் திறந்தியா?"

"போனைச் சொருகினேன், வந்தேன்."

"பேரீச்சை பிடிக்குமா?"

"அது வெறும் சர்க்கரை ஏட்டய்யா. எனக்கு முட்டை வெள்ளைக்கரு. சதை ஏத்துறது அதுதான். காலைல ஆறு."

"மஞ்சக்கரு?"

"அதை ஊசி சாப்பிடுவான்."

"நீ சொல்லு ஊசி. பெட்டி உன் இடத்துல எப்படி வந்தது?"

"தெரியல. நான் எடுத்திருந்தா அட்டையையும் விட்டிருக்க மாட்டேன்."

"இவ்வளவு தின்னுறியே, உடம்புல ஒட்டக் காணோமே. முதலாளிக்கு அதான் சந்தேகம்."

ஊசி தோளைக் காட்டினான். மூட்டை உரசி உரசி மரம்போல் காய்த்திருந்தது. "சாப்பிடுறது எல்லாம் இங்கதான் போகுது. விறகு போட்டாத்தானே எரியும். எரிஞ்சப்புறம் விறகு எங்கன்னு கேட்டா நான் எங்க போக?"

ஏட்டய்யா தலையாட்டினார். சம்சாரம் சொன்னதையே இவன் வேறு மாதிரி சொல்கிறான்.

"மச்சான் சார், நீங்க?"

"என்னையா கேக்கறீங்க? இனிப்பைப் பார்த்து ஒரு மாசம் ஆச்சு. நான் தின்னிருந்தா தராசு காட்டியிருக்காதா? எடை குறைஞ்சுதானே இருக்கு? இருநூறே ஆனாலும் குறைஞ்சதுதான்."

அதுதான் இடித்தது. சட்டப்படி மூன்று பேருமே யோக்கியர்கள். யாருக்கும் எடை கூடவில்லை. ஒரு கிலோ பழம் ஒரு மனிதனுக்குள் போயிருக்கிறது. ஆனால் எந்த மனிதனும் ஒரு கிலோ கூடவில்லை.

2.30. பசி எல்லோரையும் பிடுங்கியது. சாப்பிட்டுக்கொள்ளச் சொன்னார் முதலாளி. ஊசியும் பயில்வானும் தூக்கைக் கவிழ்த்தார்கள். பத்து நிமிஷத்தில் பாத்திரம் பளபளத்தது. மச்சான் சார் தன் டப்பாவைத் திறந்தார், வெள்ளரித் துண்டுகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். டப்பாவை ஊசியிடம் தள்ளினார்.

"சாப்பிடுடா. வேலை போகப்போற பையன். பார்க்கவே பாவமா இருக்கு."

"நீங்க சார்?"

"எனக்கு இந்தக் கவலைல பசியே இல்ல."

ஊசியின் கண் கலங்கிவிட்டது. வெள்ளரிக்காயும் காலியானது.

ஏட்டய்யா நாற்காலியைக் கரும்பலகைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். எதிரே கீழ்மூலையில் அவருடைய பல். மேலே மூன்று பேருடைய எடை. பலகையின் சட்டத்தில் எறும்பு வரிசை ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் கிடங்கில் எறும்புக்குப் பஞ்சமில்லை, மூட்டைப் பக்கம் எப்போதும் இருக்கும். ஆனால் இது மூட்டைப் பக்கம் போகவில்லை. சாக்பீஸ் வைக்கும் தட்டுக்குள் போனது. அங்கே ஒரே ஒரு சாக்பீஸ்தான் கிடந்தது. அதைச் சுற்றிலும் மொய்த்திருந்தது.

எறும்புக்கு எழுதப் படிக்க ஆசை வந்துவிட்டதா என்ன?

அவர் மறுபடி எண்களைப் பார்த்தார். இந்த முறை மச்சான் சாருடையதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பார்த்தார். உடம்பு சும்மா கிடந்தாலும் அடுப்பு அணைவதில்லை. சும்மா கிடந்த தனக்கே ஒரு ராத்திரியில் அரைக்கிலோ. அப்படியானால் மூட்டை தூக்கினவனுக்கு?

எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

3.20. "முதலாளி, உங்க கார்ல குடிக்கிற தண்ணி இருக்கா?"

"இருக்கு. விலை கொடுத்து வாங்கினது."

"திறக்காத அரை லிட்டர் பாட்டில் ஒண்ணு எடுத்துட்டு இந்தத் தராசுல ஏறுங்க."

"நானா?"

"நேர்மைத் தராசுன்னு நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க. நேர்மை எல்லாருக்கும் ஒண்ணுதானே."

முதலாளி கையில் பாட்டிலோடு ஏறினார். அறுபத்தெட்டு புள்ளி எட்டு.

"இப்ப இறங்காம தண்ணியைக் குடிங்க. காலி பாட்டில் கையிலயே இருக்கட்டும். முள்ளைப் பாருங்க."

முதலாளி குடித்தார். மூன்று பேரும் அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே ஏக்கத்தோடு பார்த்தார்கள். கடைசிச் சொட்டும் போயிற்று. முள் அசையவே இல்லை. அறுபத்தெட்டு புள்ளி எட்டு.

"கையில இருந்தாலும் வயித்துல இருந்தாலும் தராசுக்கு ஒண்ணுதான்" என்றார் ஏட்டய்யா.

"அதெப்படி? உள்ள போனா ஜீரணமாயிடுமே."

"ஜீரணம்னா கரையுறது முதலாளி, காணாமப் போறதில்ல. பல்லு அரைக்கும், இரைப்பை பிசையும், குடல் உறிஞ்சும், ரத்தம் சுமந்துட்டுப் போகும். எல்லாமே உள்ளயேதான் சுத்துது. மூச்சாவோ வேர்வையாவோ கக்கூஸ் வழியாவோ வெளிய போற வரைக்கும் ஒரு கிராம்கூடக் குறையாது. ஒரு கிலோ தின்னவன் ஒரு கிலோ கூடியே ஆகணும்."

"அப்ப ஒருத்தனும் கூடலையே?"

"நீங்க கூடினவனைத் தேடறீங்க. நான் குறையாதவனைத் தேடறேன்."

முதலாளி காலி பாட்டிலோடு தராசை விட்டு இறங்கினார்.

"இன்னிக்கு மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழ, ஒரே அளவு மூட்டை தூக்கியிருக்காங்க. குடிச்சது ஆளுக்கு ஒரே ஒரு பாட்டில். கக்கூஸ் பூட்டு, சாவி என்கிட்ட. ஊசிக்கு ஒரு கிலோ இருநூறு குறைஞ்சிருக்கு. பயில்வானுக்கு ஒரு கிலோ நானூறு. அதெல்லாம் வேர்வையும் மூச்சும். இந்தக் கூரைக்குக் கீழ ஒரு வேளை வேலைக்கு உடம்பு கொடுக்குற கூலி அது. மச்சான் சாருக்கு?"

"இருநூறு" என்றார் முதலாளி.

"பெரிய உடம்பு இன்னும் அதிகமா வேர்க்கணும். போகட்டும், ஊசி அளவுக்குன்னே வச்சுக்குவோம். ஒரு கிலோ இருநூறு போயிருக்கணும். இருநூறுதான் போயிருக்கு. மீதி ஒரு கிலோ?"

முதலாளி காலிப் பெட்டியைத் திருப்பினார். அதன்மேல் அச்சடித்திருந்ததை வாய்விட்டுப் படித்தார். "ஒரு கிலோ."

"மாமா, இது அபாண்டம்" என்றார் மச்சான் சார். "என் உடம்பு வாகு அப்படி. எனக்கு அவ்வளவா வேர்க்காது."

"சட்டையைப் பிழிஞ்சு குளம் கட்டினது யாரு சார்? காலர்ல பாருங்க, உப்பு கோடு கோடா வெளுத்திருக்கு. எனக்கே காலைல அரைக்கிலோ இறங்கிச்சு. நான் கட்டிலைக்கூடத் தூக்கல."

"அப்ப நான் தண்ணி குடிச்சிருப்பேன். தண்ணி குடிச்சா எடை ஏறும்ல."

"ஏறும். ஒரு சொம்புல ஏறும், நானே பார்த்தேன். ஆனா எந்தக் குழாய்ல குடிச்சீங்க?"

மச்சான் சார் செத்துக் கிடந்த மோட்டாரைப் பார்த்தார்.

"அந்த மோட்டார்தான் உங்களைக் காட்டிக் கொடுத்தது" என்றார் ஏட்டய்யா. "தண்ணி இருந்திருந்தா நீங்க கையைக் கழுவியிருப்பீங்க. சட்டைல துடைச்சா பிசுக்கு போகுமா? அந்தக் கையாலதான் வெளி எடையை எழுதினீங்க. அந்த சாக்பீஸை உங்களைத் தவிர யாரும் தொடறதில்ல. இப்ப யாரு தொடுதுன்னு பாருங்க."

எல்லோரும் தட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். எறும்புகள் சாக்பீஸைத் தூக்கிக்கொண்டு போகும் முடிவில் இருந்தன.

"இன்னும் சந்தேகம்னா நாளைக்குக் காலைல வரைக்கும் காத்திருக்கலாம். நார்ச்சத்துள்ள பழம், சாட்சி தன்னால வெளிய வரும். ஆனா அதுக்கு கக்கூஸ்ல தண்ணி வேணும்."

மச்சான் சார் எடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தராசு மறுபடி அவருடைய எடையைக் காட்டியது.

"ஒண்ணே ஒண்ணு எடுக்கலாம்னுதான் மாமா திறந்தேன்" என்றார். "சத்தியமா. முப்பது நாளா வெள்ளரிக்காய். காலைலேர்ந்து மூட்டை. கை நடுங்குது, கண்ணு இருட்டுது. ஒண்ணு வாயில போட்டதும் உடம்பு பூரா விளக்கு போட்ட மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது எப்படிப் போச்சுன்னு தெரியல. பார்த்தா அடி அட்டை தெரியுது."

"பெட்டியை ஏன்டா அந்தப் பையன் இடத்துல போட்டே?"

"அவன்மேல பழி வரணும்னு இல்ல மாமா. சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்து, கைக்கு எட்டின இடத்துல வீசினேன். அப்புறம் வாயைத் திறக்கப் பயமாயிடுச்சு." ஊசியைப் பார்த்தார். "வெள்ளரிக்காய் கொடுத்தேன்ல."

"எனக்குக்கூட சந்தேகம் வந்துச்சு சார்" என்றான் ஊசி. "யாராவது பசியோட இருந்தா அதைத் தருவாங்களான்னு."

மச்சான் சார் கால்சட்டைப் பையிலிருந்து காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். இரண்டு பழம். "ராத்திரிக்கு வச்சிருந்தேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா."

"சொல்லாம? உன் டாக்டர் செலவு யாரு கொடுக்கறது?"

வாசலில் கார் நின்றது. மணி 4.00. மொத்த வியாபாரி. முதலாளிக்கு முகத்தில் ஈயாடவில்லை. முப்பது மூட்டை வியாபாரத்துக்கு, கால்சட்டைப் பையில் கசங்கிய இரண்டே இரண்டு மாதிரி. வேறு வழியில்லாமல் ஒன்றை ஒரு தட்டில் வைத்து நீட்டினார்.

"என்னங்க இது, ஒத்தைப் பழம்?"

முதலாளி சொல்ல வாயெடுத்தார். அவரால் முடியவில்லை என்று கண்டு, ஏட்டய்யாவே நடந்ததைச் சொன்னார். மறைக்கவில்லை. ஒரு கிலோ, ஒரே ஆள், பத்து நிமிஷம்.

வியாபாரி பழத்தை வாயில் போட்டார். மென்றார். பிறகு எடைமேடையில் உட்கார்ந்திருந்த மச்சான் சாரை மேலும் கீழும் பார்த்தார்.

"முழுப் பெட்டியும் இவரு ஒருத்தரேவா?"

"ஆமாங்க."

"நடுவுல நிறுத்தவே இல்லையா?"

"நிறுத்த முடியலைங்க" என்றார் மச்சான் சார்.

"நான் ருசி பார்க்கிறது என்னங்க ருசி" என்றார் வியாபாரி. "முப்பது வேணாம். ஐம்பது மூட்டை போடுங்க."

கார் போன பிறகு முதலாளி மெல்ல ஆபீஸ் பக்கம் நழுவப் பார்த்தார்.

"முதலாளி" என்றான் ஊசி. "பல்லு."

முதலாளி நின்றார். "திருடன்னு நான் சொன்னது வெளியாளை நினைச்சு..." என்று ஆரம்பித்தார். யாரும் நகரவில்லை. பயில்வான் கையை மடக்கினான், கண்ணாடி எதுவும் பக்கத்தில் இல்லாமலேயே. முதலாளி பலகைக்குப் போனார். மச்சான் சாரின் ஈரச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, அதாலேயே 'பல்' என்ற சொல்லைத் துடைத்தார். எண்ணைத் துடைக்கவில்லை. எறும்பை ஊதித் தள்ளிவிட்டு சாக்பீஸை எடுத்தார். துடைத்த இடத்தில் எழுதினார்.

'வயிறு – 3640.'

"மாமா, ஒரு கிலோ பேரீச்சை அவ்வளவு விலை இல்ல" என்றார் மச்சான் சார்.

"மீதி, பொய் சொன்னதுக்கு. மாசாமாசம் உன் சம்பளத்துல பிடிப்பேன். எனக்கு மறதி ஜாஸ்தி, அதான் எழுதி வைக்கிறேன்."

காகிதத்தில் மிச்சமிருந்த பழத்தை ஊசி எடுத்து ஏட்டய்யாவிடம் நீட்டினான். ஏட்டய்யா அதை இரண்டாகப் பிய்த்து, பாதியை அவனிடமே கொடுத்தார். மீதிப் பாதியை வாயில் போட்டு, மேல்வரிசையால் நிதானமாகக் கடித்தார். ஒட்டிக்கொள்ளும் பழம். பல்செட்டு லேசாகத் தூக்கியது. விரலால் அழுத்திவிட்டுக்கொண்டார். இனி அது கழன்று விழுந்தாலும் அவர் பல்தான்.